அல்சைமர் மரபணு என்று முடிவு வந்த பிறகு யாரோடு பேசுவது?

அல்சைமர் என்ற மறதி நோயின் ஆபத்தைக் கூட்டும் ஏபிஓஇ4 என்ற மரபணு வடிவம் இருப்பதாக அறிக்கை வந்ததும் பலர் முதலில் செய்வது, மறதி நோய்க்கான ஆதரவுக் குழு எங்கே கூடுகிறது என்று விசாரித்துப் போய் உட்காருவது. எண்ணம் நல்லதுதான், இடம்தான் பொருந்தவில்லை. அந்தக் குழுக்களில் பெரும்பாலானவை, நோய் முற்றிய பெற்றோரையோ கணவன் மனைவியையோ பார்த்துக்கொள்கிறவர்களுக்காக நடப்பவை. இரவெல்லாம் தூங்காமல் நடமாடுவது, கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விடுவது, படுக்கைப் புண், விழுங்கவே மறந்துபோவது என்றுதான் அங்கே பேச்சு போகும். அவர்களுக்கு அந்தப் பேச்சு வேண்டும். ஆனால் நாற்பத்தைந்து வயதில், ஒரு குறையும் இல்லாமல், கையில் ஒரு காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு வந்தவருக்கு அதில் எடுத்துக்கொள்ள எதுவும் இருக்காது. பயம் மட்டும் கூடும். அம்மாவுக்கு டயப்பர் மாற்றிவிட்டு ஓடி வந்தவரின் எதிரே உட்கார்ந்து, "எனக்கு இன்னும் ஒன்றுமில்லை, ஆனாலும் தூக்கம் வரவில்லை" என்று சொல்லவும் வாய் வராது. இரண்டு கூட்டம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "குழுவெல்லாம் எனக்குச் சரிப்படாது" என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

தேட வேண்டியது வேறு வகை மனிதர்களை. முடிவு தெரிந்தும் அறிகுறி எதுவும் இல்லாமல் வேலை, வீடு என்று ஓடிக்கொண்டிருப்பவர்கள். அவர்களிலும் உங்களுக்கு வந்த அதே முடிவு வந்தவர்கள் கிடைத்தால் இன்னும் நல்லது. அதனால் ஆள் தேடும் முன் அறிக்கையை ஒருமுறை சரியாகப் படித்துவிட வேண்டும்.

எந்த முடிவு, எந்தக் கூட்டம்

"அல்சைமர் மரபணு" என்று ஒரே பெயரில் சொல்லப்படுவதற்குள் முற்றிலும் வேறான இரண்டு சங்கதிகள் இருக்கின்றன.

ஒன்று ஏபிஓஇ. 19ஆம் குரோமோசோமில் இருக்கிற இந்த மரபணுவுக்கு 2, 3, 4 என மூன்று வடிவங்கள். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று எல்லோரிடமும் இரண்டு பிரதிகள் இருக்கும். 4ஆம் வடிவத்துக்கும் அல்சைமருக்கும் உள்ள தொடர்பு 1993இல் வெளியே வந்தது. மக்களில் 15 முதல் 25 சதவீதம் பேரிடம் இந்த 4 இருக்கிறது. இரண்டு பிரதியும் 4 ஆக இருப்பவர்கள் (4/4 என்று எழுதுவார்கள்) 2 முதல் 5 சதவீதம். இது ஆபத்தைக் கூட்டும், நோய் வந்தே தீரும் என்று விதிக்காது. 2011இல் வந்த ஒரு பெரிய கணக்கின்படி, 85 வயதுக்குள் அல்சைமர் வரும் வாய்ப்பு 3/4 (ஒரு பிரதி 3, இன்னொன்று 4) உள்ள ஆண்களுக்கு 23 சதவீதம், பெண்களுக்கு 30. 4/4 உள்ள ஆண்களுக்கு 51, பெண்களுக்கு 60. மரபணு வடிவத்தைப் பாராமல் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் ஆண்களுக்கு 11, பெண்களுக்கு 14. மருத்துவமனைக்கு வந்தவர்களை விட்டு, பொதுமக்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளில் எண்கள் இதைவிடக் குறைவாகவே வந்திருக்கின்றன. ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் இந்த மரபணுவின் தாக்கம் குறைவு, கிழக்காசியரிடம் அதிகம். ஆகவே வேறொருவரின் எண்ணை அப்படியே தூக்கித் தன் தலையில் வைத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொன்று பரம்பரையாக இறங்கும் அரிய வகை. ப்ரெசெனிலின்-1, ப்ரெசெனிலின்-2, ஏபிபி ஆகிய மூன்று மரபணுக்களில் ஒன்றில் ஏற்படும் நோய்க்காரண மாற்றம் இது. அல்சைமர் நோயாளிகள் எல்லோரையும் எடுத்துக்கொண்டால் ஒரு சதவீதத்துக்கும் குறைவானவர்களே இந்த வகை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு. ப்ரெசெனிலின்-1 என்றால் ஏறக்குறைய கட்டாயம் நோய் வரும். பெரும்பாலும் 30க்கும் 60க்கும் இடையே தொடங்கிவிடும். ப்ரெசெனிலின்-2இல் சிலர் தப்புவதும் உண்டு, தொடங்கும் வயதும் தள்ளிப்போகும்.

இந்த இரண்டு தரப்பையும் ஒரே குழுவில் உட்கார வைப்பது இரண்டு பேருக்கும் அநியாயம். 3/4 உள்ளவர் "தினமும் நடந்தால் ஆபத்து குறையுமாம்" என்று உற்சாகமாகச் சொல்வார். பக்கத்தில் இருப்பவரின் தந்தை 46 வயதில் பேச்சை இழந்திருப்பார். அதற்கு மேல் அந்த அறையில் யாருக்கும் பேச்சு வராது. ஏபிஓஇ குழுவிலேயே கூட 4/4 உள்ளவர்கள் காலப்போக்கில் தனியே கூட ஆரம்பிப்பது வழக்கம். அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை.

உறுதிப்படுத்திக்கொள்வதும் இந்தக் கட்டத்தில்தான். எச்சில் எடுத்து அனுப்பும் வீட்டுச் சோதனைகளின் கச்சாத் தரவை இறக்கி, வேறு ஏதாவது தளத்தில் ஏற்றி, "ப்ரெசெனிலின் மாற்றம் இருக்கிறதாம்" என்று பதறுகிறவர்கள் இருக்கிறார்கள். அத்தகைய கச்சாத் தரவில் தெரிந்த மாற்றங்களை மருத்துவ ஆய்வகத்தில் மறுபடி பார்த்தபோது 40 சதவீதம் பொய்யாகிப்போனது. 2018இல் வெளியான ஆய்வு அது. பல மரபணுக்களைச் சேர்த்துப் பார்த்த கணக்கு என்றாலும் பாடம் ஒன்றுதான். அரிய மாற்றங்களைப் பிடிப்பதில் இந்த வீட்டுச் சோதனைகள் பயன்படுத்தும் சில்லுகள் பலவீனமானவை. ஏபிஓஇ வடிவத்தைச் சொல்வது டிஎன்ஏவில் ஆர்எஸ்429358, ஆர்எஸ்7412 என்ற இரண்டே இடங்கள். அவை பரவலாகக் காணப்படுபவை என்பதால் பொதுவாகச் சரியாகவே வரும். இருந்தாலும் காப்பீடு, வேலை, திருமணம் என்று பெரிய முடிவு எதையும் எடுக்கும் முன் மருத்துவ ஆய்வகத்தில் இன்னொரு முறை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் சில வாரங்கள்

அமெரிக்காவில் ரிவீல் என்ற பெயரில் நடந்த ஆய்வில், அல்சைமர் வந்த பெற்றோரின் பிள்ளைகள் 162 பேரில் ஒரு பகுதியினருக்கு ஏபிஓஇ முடிவைச் சொன்னார்கள், மற்றவர்களுக்குச் சொல்லவில்லை. ஒரு வருடம் பின்தொடர்ந்து 2009இல் வெளியிட்டபோது, பதற்றத்திலும் மனச்சோர்விலும் இரண்டு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 4 இருப்பதாகத் தெரிந்தவர்களுக்கு, இல்லை என்று தெரிந்தவர்களைவிடச் சோதனை பற்றிய உளைச்சல் மட்டும் கூடுதலாக இருந்தது. சோதனைக்கு முன்பே மனம் நொந்திருந்தவர்களே பிறகும் அதிகம் தவித்தார்கள். "தாங்கிக்கொள்ளலாம்" என்று இதை வைத்துச் சொல்பவர்கள் ஒன்றைச் சேர்த்துச் சொல்வதில்லை. அந்த ஆய்வில் எல்லோருக்கும் முன்னும் பின்னும் ஆலோசனை கிடைத்தது. மின்னஞ்சலில் முடிவைத் திறந்து பார்த்தவருக்கு அது கிடைப்பதில்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் ஆள் வேண்டியிருக்கிறது.

இந்த வாரங்களில் புதிதாக வருகிறவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: "சாவியை எங்கே வைத்தேன் என்று மறந்துவிட்டேன். ஆரம்பித்துவிட்டதா?" 2014இல் வெளியான ஓர் ஆய்வு இங்கே உதவும். 4 இருப்பது தெரிந்த முதியவர்கள், அதே 4 இருந்தும் தெரியாத முதியவர்களைவிடத் தங்கள் நினைவாற்றலை மோசமாக மதிப்பிட்டார்கள்; நினைவுத் தேர்விலும் குறைவாகவே மதிப்பெண் எடுத்தார்கள். மரபணு இரண்டு பேரிடமும் ஒன்றுதான். தெரிந்திருப்பதே ஆளைத் தடுமாற வைக்கிறது. ஆறு மாதம் முன்னால் இதே கட்டத்தைத் தாண்டிய ஒருவர் "எனக்கும் அப்படித்தான் இருந்தது, மூன்று மாதத்தில் அடங்கியது" என்று சொல்வதற்கு இருக்கும் மதிப்பு, எந்த மருத்துவரின் சமாதானத்துக்கும் இல்லை.

முதல் மாதத்தில் யாரிடம் என்ன சொன்னாலும் திரும்ப எடுக்க முடியாது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் சொல்வது, சொந்தக்காரர்கள் நிறைந்த வாட்ஸ்அப் குழுவில் போடுவது இரண்டையும் ஒத்திப் போடலாம். ஒரே ஒரு நெருங்கிய ஆள், கூடவே முகம் தெரியாத ஒத்த நிலைக்காரர்கள் இரண்டு மூன்று பேர். அந்த மாதத்துக்கு இது போதும்.

எங்கே தேடுவது

மரபணு ஆலோசகர் இருந்தால் அவரிடமிருந்து தொடங்குங்கள். "ஆதரவுக் குழு ஏதாவது இருக்கிறதா" என்று கேட்டால் பராமரிப்பாளர் குழுவின் துண்டுப் பிரசுரம்தான் கைக்கு வரும். "அறிகுறி இல்லாத, முடிவு தெரிந்த 4/4 உள்ளவர்கள் யாராவது பேச ஒப்புக்கொண்டிருக்கிறார்களா? என் எண்ணை அவர்களிடம் கொடுப்பீர்களா?" என்று கேட்க வேண்டும். அவர் மற்றவர்களின் எண்ணை உங்களுக்குத் தர மாட்டார், தரவும் கூடாது. உங்கள் எண்ணை அங்கே சேர்ப்பது மட்டுமே அவரால் முடிந்தது. அப்படிக் கேட்டால் பல நேரம் காரியம் நடக்கும்.

அல்சைமர் சங்கங்கள் அடுத்த வழி. லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அல்சைமர்ஸ் டிசீஸ் இன்டர்நேஷனல் என்ற கூட்டமைப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் சங்கங்கள் உறுப்பினர்கள். உங்கள் நாட்டுச் சங்கத்தில் மரபணு முடிவுக்கென்று குழு இல்லாவிட்டாலும், இளவயதில் தொடங்கும் நோய்க்கான குழு இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கே வரும் குடும்பங்களில் சோதனை செய்துகொண்ட பிள்ளைகள் இருக்க வாய்ப்பு அதிகம்.

பரம்பரை வகை என்றால் பாதை சற்றுத் தெளிவானது. 2008இல் தொடங்கிய டயன் என்ற ஆராய்ச்சி வலையமைப்பு, செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு பல நாடுகளில் இந்தக் குடும்பங்களைப் பின்தொடர்கிறது. அதன் பதிவேட்டில் பெயர் கொடுக்கலாம். பிரிட்டனில் ரேர் டிமென்ஷியா சப்போர்ட் என்ற அமைப்பு குடும்பவழி அல்சைமருக்கென்றே தனிக் குழு நடத்துகிறது. இந்த வகையில் ஆட்கள் எண்ணிக்கை குறைவு என்பதால், பக்கத்தில் ஒருவரும் கிடைக்காமல் வேறு நாட்டுக்காரரோடு காணொளியில் பேசுவதே நடைமுறை. நேர வித்தியாசத்தைச் சகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆராய்ச்சியில் சேர்வதும் ஆள் கிடைக்க ஒரு வழியா என்று கேட்பவர்கள் உண்டு. பக்கவிளைவாகக் கிடைக்கலாம், அதற்காகவே சேரக் கூடாது. தன் முடிவைத் தெரிந்துகொள்ள விரும்பாதவர்களுக்கும் இடம் தந்த சோதனைகள் இருக்கின்றன. கொலம்பியாவில் ப்ரெசெனிலின்-1 மாற்றம் இறங்கும் பெருங்குடும்பத்தில் நடந்த மருந்துச் சோதனையில் 252 பேர் சேர்ந்தார்கள். மாற்றம் இல்லாதவர்களையும் சேர்த்து, அவர்களுக்கு வெற்று மருந்து கொடுத்தார்கள். சேர்ந்திருப்பதை வைத்து யாரும் தன் நிலையை ஊகிக்க முடியாதபடி செய்த ஏற்பாடு அது. மருந்து பலன் காட்டவில்லை என்று 2022இல் தெரிந்தது. அந்த ஏற்பாட்டிலிருந்து ஆதரவுக் குழுக்கள் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது: "ஆபத்தில் இருக்கிறேன், தெரிந்துகொள்ளவில்லை" என்று வருகிறவருக்கும் நாற்காலி போட வேண்டும், அவரைச் சோதனைக்குத் தள்ளக் கூடாது.

இணையக் குழுவில் சேரும்போது முதல் செய்தியைச் சுருக்கமாக எழுதுங்கள். நீளமாகக் கொட்டினால் ஆளுக்கொரு பதில் வந்து திக்குமுக்காடிப் போவீர்கள். இப்படி எழுதினால் போதும்: "எனக்கு 3/4 என்று போன மாதம் தெரிந்தது. வயது நாற்பதுகளில். அறிகுறி இல்லை. இப்போதைக்கு உணவு, மருந்து பற்றி வேண்டாம். இதே முடிவோடு ஒரு வருடமாவது கடந்தவர்கள், ஆரம்பத்தில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்." என்ன வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுவதுதான் இதில் முக்கியம். அதைச் சொல்லாவிட்டால் முதல் பத்துப் பதிலில் ஏழு மாத்திரை பட்டியலாக இருக்கும்.

குழுவைச் சோதிப்பது

சேர்ந்தவுடன் பேசத் தேவையில்லை. இரண்டு கூட்டம் அல்லது இரண்டு வாரம் சும்மா கேளுங்கள். கெட்டுப்போன குழுவை அடையாளம் காண்பது கஷ்டமில்லை.

முதலில் பார்க்க வேண்டியது விற்பனை. ஏபிஓஇ4 என்றாலே சத்து மாத்திரை, "மூளைக் காப்பு" பாடத்திட்டம், விலை உயர்ந்த ரத்தச் சோதனைத் தொகுப்பு என்று ஒரு சந்தையே இருக்கிறது. குழுவை நடத்துபவருக்கு அதில் பங்கு இருந்தால் வெளியேறிவிடுங்கள், விவாதிக்க வேண்டாம். அடுத்தது எண்களின் போட்டி. "உன் எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) எவ்வளவு, நான் எவ்வளவு குறைத்துவிட்டேன்" என்று தொடங்கி, உணவு முறையைப் பிடித்துக்கொண்டு இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொள்ளும் குழுக்கள் ஏராளம். தகவல் கிடைக்கும், ஆறுதல் கிடைக்காது. ஆறுதலுக்கு ஒன்று, தகவலுக்கு ஒன்று என்று இரண்டு இடத்தில் இருப்பதில் தவறில்லை.

மூன்றாவது, ஆராய்ச்சிச் செய்தியை எப்படிக் கையாளுகிறார்கள் என்பது. 2024இல் 4/4 உள்ளவர்கள் பற்றி நேச்சர் மெடிசின் இதழில் ஒரு கட்டுரை வந்தது. 65 வயதுக்குள் அவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் தண்டுவட நீரில் அமிலாய்டு (அல்சைமரில் மூளையில் படியும் புரதம்) அளவு இயல்புக்கு மாறாக இருந்தது என்பது அதன் முடிவு. பலர் அதை "எல்லோருக்கும் நோய் வரும்" என்று படித்துவிட்டார்கள். மூளையில் அமிலாய்டு படிவதும் நினைவு தடுமாறுவதும் ஒன்றில்லை. படிந்தும் அறிகுறி இல்லாமலே முதுமை கண்டவர்கள் உண்டு. நல்ல குழுவில் இப்படி ஒரு செய்தி வந்தால் யாராவது மூன்று கேள்வி கேட்பார்: மனிதர்களிடம் செய்ததா, எலியிடமா? அளந்தது அறிகுறியையா, ரத்தத்தையோ ஸ்கேனையோ மட்டுமா? எத்தனை பேர், எங்கிருந்து வந்தவர்கள்? இந்தக் கேள்விகள் எழாத குழுவில் நள்ளிரவில் வந்து விழும் செய்தி இணைப்புகள் தூக்கத்தைக் கெடுக்கும்.

மருந்து பற்றிய பேச்சுக்கும் அதே அளவுகோல். மூளையில் படிந்த அமிலாய்டை நீக்கும் லெகனமேப் என்ற மருந்தின் முக்கியச் சோதனையில், மூளை வீக்கம் ஸ்கேனில் தெரிந்தது 4 இல்லாதவர்களில் 5.4 சதவீதம் பேருக்கு, ஒரு பிரதி உள்ளவர்களில் 10.9, இரண்டு பிரதி உள்ளவர்களில் 32.6. பெரும்பாலும் அறிகுறி இல்லாமல் அடங்கினாலும் சிலருக்கு ஆபத்தாகும் என்பதால், ஐரோப்பிய மருந்து முகமை 2024 நவம்பரில் 4/4 உள்ளவர்களை விலக்கித்தான் பரிந்துரை செய்தது. மேலும் இந்த மருந்து ஆரம்ப அறிகுறி வந்தவர்களுக்கானது. அறிகுறியே இல்லாதவர்கள் கூட்டத்தில் "எப்படியாவது வாங்கிவிடலாம்" என்று யாராவது வழி சொன்னால் அதை நிறுத்துகிற ஆள் அங்கே இருக்க வேண்டும்.

வாழ்க்கை முறை விஷயத்தில் குழுவுக்கு உண்மையான பலம் இருக்கிறது. அமெரிக்காவில் 60 முதல் 79 வயதான 2111 பேரிடம் நடந்த பாயின்டர் சோதனையின் முடிவு 2025இல் வந்தது. உடற்பயிற்சி, உணவு, மூளைக்கு வேலை, ரத்த அழுத்தக் கவனிப்பு என்று இரண்டு தரப்புக்கும் சொன்னது ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு தரப்பு இரண்டு வருடத்தில் 38 முறை குழுவாகக் கூடியது, திட்டமும் கண்காணிப்பும் இருந்தன. மற்றது 6 முறை கூடி, மீதியைத் தன் விருப்பப்படி செய்தது. இரண்டு தரப்பும் முன்னேறின. அடிக்கடி கூடிய தரப்பு கூடுதலாக முன்னேறியது. ஏபிஓஇ4 இருந்தவர்களுக்கும் பலன் குறையவில்லை. கூட்டம் மட்டுமே காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் பேசி அழுவதற்கு மட்டும் என்று நினைக்கிற குழு, ரத்த அழுத்தத்தை அளந்து வந்தோமா என்று ஒருவரை ஒருவர் கேட்கவும் பயன்படும்.

பெயர், எண், காப்பீடு

அறிக்கையின் படத்தையோ கச்சாத் தரவுக் கோப்பையோ எந்தக் குழுவிலும் போடாதீர்கள். டிஎன்ஏ இரட்டைச் சுருளுக்காக நோபல் பெற்ற ஜேம்ஸ் வாட்சன் தன் முழு மரபணுத் தொகுதியை வெளியிட்டபோது ஏபிஓஇயை மட்டும் மறைக்கச் சொன்னார். அந்த மரபணுவின் அக்கம்பக்கத்தில் உள்ள டிஎன்ஏ குறியீடுகளை வைத்தே அதை ஊகித்துவிட முடியும் என்று பிறகு ஆராய்ச்சியாளர்கள் சுட்டிக்காட்ட, இன்னும் பெரிய பகுதியை நீக்க வேண்டி வந்தது. அவருக்கே அந்த நிலை.

வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் உங்கள் கைபேசி எண் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரிந்துவிடலாம். எண்ணை மறைத்துப் பயனர் பெயரோடு இருக்க சிக்னல், டெலிகிராம் இரண்டிலும் வழி இருக்கிறது. புனைபெயர் வைப்பவர்கள் ஊர், தொழில், பிள்ளைகளின் வயது மூன்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறார்கள். பெயரை மறைத்ததில் பிறகு அர்த்தமில்லை.

காப்பீட்டுச் சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் 2008இல் வந்த மரபணுப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் மருத்துவக் காப்பீட்டுக்கும் வேலைக்கும் பாதுகாப்புத் தருகிறது. ஆயுள் காப்பீடு, ஊனக் காப்பீடு, நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு ஆகியவை அதில் அடங்காது. அங்கே பலர் காப்பீட்டை முடித்துவிட்டுச் சோதனைக்குப் போவது அதனால்தான். உங்கள் நாட்டில் என்ன நிலை என்று குழுவில் கேட்கலாம்; பதிலை ஒரு வழக்கறிஞரிடம் சரிபார்த்த பிறகே நம்புங்கள்.

உடன்பிறந்தவர்கள்

இயல்பாகத் தோன்றும் துணை இவர்கள்தான், சிக்கலும் இங்கேதான். உங்களுக்கு 4/4 என்றால் தாய் தந்தை இருவரிடமும் குறைந்தது ஒரு 4 இருக்கிறது என்பது உறுதி. உங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் ஒரு 4 இருப்பதும் உறுதி. சோதனை எடுக்காமலே அவர்களுடைய முடிவில் பாதியை நீங்கள் சொல்லிவிட்டீர்கள் என்று அர்த்தம். 3/4 என்றால் பிள்ளைக்குச் சரிபாதி வாய்ப்பு.

ஆகவே சொல்லும் முன் கேளுங்கள். "அண்ணா, நான் ஒரு மரபணுச் சோதனை எடுத்தேன். அதில் வந்தது உங்களையும் தொடுகிற விஷயம். இப்போது தெரிந்துகொள்ள வேண்டுமா, வேண்டாமா? வேண்டாம் என்றாலும் சரிதான், நான் வருத்தப்பட மாட்டேன்." இதைப் பண்டிகை நாளிலோ, அம்மாவின் மருத்துவமனை வராந்தாவிலோ கேட்கக் கூடாது. வேண்டாம் என்றவரிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் கூடாது. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைச் சோதனைக்கு அழைத்துப் போகாதீர்கள். முதுமை நோய்க்காகச் சிறுவர்களைச் சோதிப்பதில்லை என்பது மரபணு மருத்துவத்தில் பொதுவான நெறி.

பரம்பரை வகைக் குடும்பங்களில், மாற்றம் இல்லை என்று தெரிந்தவரும் நொறுங்கிப்போவார். "தம்பிக்கு இருக்கிறது, எனக்கு இல்லை" என்ற குற்ற உணர்வு அவரைக் கொண்டாடவும் விடாது, அழவும் விடாது. இதே போலப் பரம்பரையாக இறங்கும் மூளை நோயான ஹன்டிங்டன் உள்ள குடும்பங்களில் நெடுங்காலமாகப் பார்த்த சங்கதி இது. இவர்களுக்கும் பேச ஆள் வேண்டும், ஆனால் மாற்றம் உள்ளவர்களின் குழுவில் வேண்டாம். கணவன் மனைவிக்கும் அப்படியே, தனி இடம்.

கிடைக்கவில்லை என்றால் நாலு பேரோடு ஆரம்பிக்கலாம்

ஆறு முதல் எட்டுப் பேர் சரியான அளவு. தொண்ணூறு நிமிடக் கூட்டத்தில் எட்டுப் பேருக்கு ஆளுக்குப் பதினோரு நிமிடம் கிடைக்கும். பன்னிரண்டு பேர் ஆனால் ஏழரை, அதில் கூச்சக்காரர் வாயே திறக்க மாட்டார். ஆறுக்குக் கீழே போனால் இரண்டு பேர் வராத நாளில் கூட்டம் கூட்டமாகவே இருக்காது. நாலு பேரோடு தொடங்கலாம், ஆனால் மூன்று மாதத்துக்குள் ஆறாக்கப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று ஆறு கூட்டம், பிறகு மாதம் ஒருமுறை. ஆறு கூட்டம் முடியும்வரை புதியவர்களைச் சேர்க்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் புது முகம் வந்தால் எல்லோரும் அறிமுகக் கதையையே சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

ஒருங்கிணைப்பாளர் இருவர் இருக்கட்டும். ஒருவர் பேச்சை நடத்த, இன்னொருவர் யார் மௌனமாகிவிட்டார்கள் என்று கவனிக்க. மனநலப் பயிற்சி பெற்ற ஒருவர் முதல் இரண்டு கூட்டத்துக்காவது வந்தால் நல்லது. தொடக்கத்தில் ஆளுக்கு ஒரு நிமிடம், இந்த இரண்டு வாரம் எப்படிப் போனது என்று. பிறகு ஒரே தலைப்பு: யாரிடம் சொல்வது, பயம் வரும் இரவுகள், பணம், வேலையை எப்போது நிறுத்துவது. கடைசிப் பத்து நிமிடம் பேச்சை இறக்குவதற்கு. அழுதுகொண்டிருக்கும் ஒருவரோடு திரையை அணைக்கும்படி ஆகக் கூடாது.

விதிகள் குறைவாக இருந்தால் கடைப்பிடிக்கப்படும். இங்கே கேட்டது வெளியே போகாது, பதிவு செய்வதில்லை. கேட்காமல் ஆலோசனை சொல்வதில்லை. எதையும் விற்பதில்லை. பெற்றோரின் கடைசி நாட்களைச் சொல்ல விரும்புபவர் முதலில் "சொல்லலாமா" என்று கேட்க வேண்டும். வேண்டாதவர் ஐந்து நிமிடம் வெளியே போய் வரலாம். இந்தக் கடைசி விதி இல்லாத குழு சீக்கிரமே பராமரிப்பாளர் குழுவாக மாறிவிடுகிறது.

குழுவால் ஆகாதவையும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ சாப்பாடோ கெட்டிருந்தால், வேலைக்குப் போக முடியாமல் இருந்தால், குடி கூடினால், "அந்த நிலை வருவதற்குள் போய்விடலாம்" என்ற பேச்சு வந்தால், அது மனநல மருத்துவரிடம் போக வேண்டிய நேரம். கடைசியாகச் சொன்னதைத் தத்துவமாகப் பேசுகிறவரும் உண்டு, தேதி குறித்து வைத்திருப்பவரும் உண்டு. வித்தியாசத்தை ஊகிக்காதீர்கள். "உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் முளைக்காது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல், அன்றே மருத்துவ உதவி கிடைக்கும்வரை ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

யாரும் எடுக்க விரும்பாத தலைப்பு ஒன்று மிச்சம்: உறுப்பினர் ஒருவருக்கே அறிகுறி தொடங்குவது. சில வருடம் ஓடும் குழுவில் இது வரத்தான் செய்யும். ஒரே கதையை இரண்டாவது முறை சொல்வதை மற்றவர்கள் கவனித்துவிட்டு, தர்மசங்கடத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். இதற்கான ஏற்பாட்டை எல்லோரும் நன்றாக இருக்கும்போதே, நாலாவது ஐந்தாவது கூட்டத்தில் பேசி முடித்துவிட வேண்டும். என்னிடம் மாற்றம் தெரிந்தால் யார் சொல்ல வேண்டும், நேரிலா தொலைபேசியிலா, வீட்டில் யாரிடம் சொல்லலாம், யாரிடம் கூடாது என்று ஒவ்வொருவரும் இரண்டு வரி எழுதி ஒருங்கிணைப்பாளரிடம் கொடுத்துவைக்கட்டும். வருடத்துக்கு ஒருமுறை அதைத் திருத்திக்கொள்ளலாம். மறதிக்கு தைராய்டு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, தூக்கத்தில் மூச்சுத் திணறல் என்று சரிசெய்யக்கூடிய காரணங்களும் உண்டு. அதனால் சொல்கிறவர் முடிவு சொல்லாமல், "மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடலாமா, நானும் வருகிறேன்" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நோய் என்று உறுதியானால் அவர் குழுவில் தொடர்வதா, ஆரம்பநிலை நோயாளிகளின் குழுவுக்கு மாறுவதா என்பது அவர் எடுக்கும் முடிவு. மாறுவதாக இருந்தால் புதிய இடத்தின் முதல் இரண்டு கூட்டத்துக்கு இங்கிருந்து ஒருவர் கூடப் போய் வரட்டும்.